சித்தன்னவாசல் காவலாளி அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

அப்பச்சி (என் அப்பா) நேற்று எழுந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டார். இன்று காரைக்குடி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். அன்று சித்தன்னவாசல் மலைமேல் அவருக்கு நேர்ந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

மலைமேல் ஏழடிப்பட்டம் குகையிலிருந்து வேட்டியில் தூளி கட்டி அவரை இறக்கிய கல்லூரித் தம்பிகள், வேன் டிரைவர் அண்ணன், ராத்திரியென்றும் பாராமல் ரத்தம் கொடுக்க வந்தவர்கள், புதுக்கோட்டையில் பார்த்த டாக்டர், நர்ஸ்கள், எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்ட தெரு ஆச்சிமார்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

மலையைக் குடைந்த சமணக் கோயிலான அறிவர் கோயிலின் காவலாளி அண்ணே, உங்களிடம் என் ஆறு வயது மகளை விட்டுவிட்டு ஓடினேன். பேர்கூடக் கேட்கவில்லை. தேம்பித் தேம்பி அழுதவளைக் குடைவரைக்குள் கூட்டிப்போய், "வாயை மூடிக்கிட்டு ம்...ன்னு சொல்லு பாப்பா, கல்லு திருப்பிச் சொல்லும்" என்றீர்களாம். விசும்பிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். கருவறை முழுக்க அந்தச் சத்தம் சுற்றி வந்திருக்கிறது. சொல்லச் சொல்ல அழுகை நின்றுவிட்டதாம். அப்புறம் விதானத்தில் தாமரைக் குளத்தைக் காட்டி மீன்களை எண்ணச் சொல்லியிருக்கிறீர்கள். யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள் என்று இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். உங்கள் தூக்குவாளிச் சோற்றில் பாதி அவளுக்குத்தான் போனது என்று தம்பி சொன்னான்.

அப்பச்சி தமிழ் வாத்தியார். மேலே ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் 17 கற்படுக்கைகளைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்கு வருவதாகத்தான் இருந்தோம். அவர் ஆசையெல்லாம் கோயில் பாறையில் இருக்கும் கல்வெட்டு மேல். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் கருவறைக்கு முன்னால் இருக்கும் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து, அதற்கு முன்னால் முகமண்டபமும் எடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு. இளங்கௌதமன் சமண ஆசிரியர்தான், ஆனாலும் "நம்ம வாத்தியார்" என்றுதான் அப்பச்சி சொல்வார். கண் விழித்ததும் கேட்டது, "கல்வெட்டைப் பார்த்தியா?"

நான் பார்க்கவில்லை. மகள்தான் கட்டில் மேல் ஏறி, "ஐயா, இதைக் கேளுங்க" என்று அவர் காதில் வாயை வைத்து ம்... என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவரும் ம்... என்றார். ஒன்றரை நாளுக்குப் பிறகு அன்றுதான் நான் அழுதேன்.

அவருக்கு நடக்க வந்ததும் நேரே உங்களிடம்தான் வருவோம் அண்ணே. சீடைக்காயும் மாவுருண்டையும் எங்கள் ஆத்தா இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.