கிளுவை வேலியையும் எழுத வை

அன்புள்ள செல்லமுத்து,

நீ அனுப்பிய போட்டோவை நாலைந்து தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். மாடு மேய்கிற கொறங்காட்டு மூலையில், கிளுவை முள்ளுச்செடி வேலிக்கு உள்பக்கம், பெயிண்ட் அடித்த ஒரு கல். அதைப் பார்த்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தாய். நெடுஞ்சாலைக்கு நிலம் அளக்க வந்தவர்களிடம் போய்ச் சண்டை போடட்டுமா என்றும் கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சண்டை போடாதே. பயத்தில் சொல்லவில்லை. கல் நட வந்த பையன்களிடம் சண்டை போட்டு ஒன்றும் ஆகாது. இந்த வேலை எப்படி நடக்கிறது என்று எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் என்பது 1988-ல் சட்டம் போட்டு, 1995-ல் வேலையைத் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். அது தானே தார் ஊற்றுவதில்லை. ரோடு எந்த வழியாகப் போகும் என்று வரைந்து கொடுப்பது ஒரு ஆலோசனை கம்பெனி, அளப்பது அவர்கள் வைத்த ஆள், ரோடு போடுவது டெண்டர் எடுத்த ஒப்பந்தக்காரர், நிலத்துக்கு விலை வைப்பது நம்ம மாவட்ட வருவாய்த்துறையிலிருந்து அதற்கென்று நியமிக்கும் அதிகாரி. ஆகத் தோட்டத்துக்குள் நீ பார்க்கிற யாருக்கும் முடிவெடுக்கிற அதிகாரம் இல்லை. முடிவெல்லாம் காகிதத்தில் நடக்கிறது, அந்தக் காகிதத்தில் நீ இருக்கிறாயா என்பதுதான் கேள்வி.

எங்கள் அப்பா அந்தக் காகிதத்தில் இல்லாமல் போய்விட்டார். சேலம் கொச்சி ரோடு இன்னும் என்ஹெச் 47 என்று இருந்த காலம், 544 ஆனது பிறகுதான். நாலு வழி ஆக்கும்போது எங்கள் தெற்குக் காட்டில் 47 சென்ட் போனது. அளந்து, என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதிய அன்று அப்பா அந்தியூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். தென்னை பதினொன்று, தொட்டி ஒன்று, கம்பி வேலி இவ்வளவு அடி என்று எழுதிக்கொண்டு போனார்கள். கிணற்றிலிருந்து வடக்குக் காட்டுக்கு மண்ணுக்கு அடியில் போன பைப் லைனை யாரும் எழுதவில்லை, கண்ணுக்குத் தெரியாததை யார் எழுதுவார்கள்? அப்பாவும் பிறகு கேட்கவில்லை. ரோடு வந்தது, பைப் அடியில் மாட்டிக்கொண்டது. புதிதாகக் குறுக்கே பைப் பதிக்க வேண்டுமானால் மறுபடி மனு, அனுமதி, கட்டணம். அப்பா கையை விட்டுவிட்டார். மஞ்சள் விளைந்த வடக்குக் காடு மானாவாரியாகப் போனது. கடைசி வரைக்கும் ரோட்டை அவர் குறை சொன்னதே இல்லை. சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் காய்ந்து கிடக்கும் காட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை.

அதனால் சொல்வதைக் கவனமாகக் கேள். கல் நட்டதாலேயே நிலம் போய்விடாது. 1956-ஆம் வருஷத்துத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 3ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, நிலம் எடுக்கும் எண்ணத்தை அரசிதழில் அறிவிப்பது அதில்தான். அதன் சுருக்கம் இரண்டு பத்திரிகைகளில் வரும், ஒன்று தமிழ்ப் பத்திரிகையாக இருக்கும். பொடி எழுத்தில் வெறும் சர்வே நம்பராக வரும், தினமும் பார். அரசிதழில் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் உன்னைக் கூப்பிட்டு விசாரித்தே ஆக வேண்டும். அப்புறம் 3டி அறிவிப்பு, அது வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். 3ஏ வந்து ஒரு வருஷத்துக்குள் 3டி வராவிட்டால் முதல் அறிவிப்பு செல்லாது. இழப்பீடு நிர்ணயிப்பது 3ஜி. தொகை போதாது என்றால் நடுவரிடம் போகலாம், பெரும்பாலும் கலெக்டர்தான் நடுவர்.

ஒரு நல்ல விஷயமும் உண்டு. அப்பா காலத்தில் நெடுஞ்சாலைக்கு எடுத்த நிலத்துக்கு, மதிப்புக்கு மேல் சேர்த்துத் தரும் ஆறுதல் தொகை கிடையாது, சட்டத்திலேயே அதை அடைத்து வைத்திருந்தார்கள். 2015 ஜனவரியிலிருந்து 2013-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கணக்கு நெடுஞ்சாலைக்கும் பொருந்தும், மதிப்புக்குச் சமமாக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை சேரும். பழைய அடைப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது.

உன் காட்டில் எதையெல்லாம் எழுத வைக்க வேண்டும் தெரியுமா? வெள்வேல மரத்தை அவர்களே எண்ணிக்கொள்வார்கள். கிளுவை வேலியை எண்ண மாட்டார்கள், வெளியூர் ஆளுக்கு அது வெறும் முள்ளுப் புதர். உங்கள் அப்பாரு நட்ட வேலி அது. அந்த வேலி இருப்பதால்தான் மாட்டையும் ஆட்டையும் ஆள் இல்லாமல் கொறங்காட்டில் விட்டுவிட்டு நீ கடைக்குப் போக முடிகிறது. புதிதாக நட்டு அது மாடு தாண்டாத வேலியாக எத்தனை வருஷம் ஆகும்? நீளத்தை அளந்து எழுது. போர்வெல்லிலிருந்து போகும் பைப், வயர், எல்லாவற்றையும் தோண்டியாவது காட்டிப் போட்டோ எடு.

அப்புறம் இட்டேரி, இரண்டு பக்க வேலிக்கு நடுவே போகிற அந்தத் தடம். நீ நிலத்தை மட்டும் பார்க்கிறாய், நான் அந்த இட்டேரியைத்தான் பார்க்கிறேன். அந்தப் பக்கத்து எட்டுப் பத்துக் குடும்பமும் பால் கேனோடு அதில்தானே வருகிறது. ரோடு அகலமாகி நடுவில் தடுப்பு வைத்தால் அது அங்கேயே செத்துவிடும். எங்கள் ஊரில் எதிர்க்கடைக்குப் போக இரண்டு கிலோமீட்டர் சுற்றுகிறோம், சுற்றச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் வண்டி ஓட்டி இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சுரங்கப் பாதையோ சர்வீஸ் ரோடோ வரைபடம் போடும் நேரத்தில் கேட்டால்தான் கிடைக்க வழி உண்டு, ரோடு முடிந்த பிறகு கேட்டால் வருஷக்கணக்கில் அலையணும். எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரே மனுவாகக் கொடுங்கள்.

மனுவை யாருக்கு எழுதுவது என்பதையும் விசாரித்துக்கொள். மைல்கல்லில் மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை இருந்தால் மாநில நெடுஞ்சாலை. ஆனால் மஞ்சள் கல் இருக்கிற எல்லா ரோடும் ஆணையத்தின் கையில் இல்லை, சிலவற்றை மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு பார்க்கிறது. கோவையில் அவிநாசி ரோட்டு மேம்பாலம், பத்துக் கிலோமீட்டர், அதையும் ஆணையம்தான் கட்டியது என்று போன தடவை நீ சொன்னாய். அது மாநில அரசு கட்டியது.

ஆணையத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் சேலத்திலிருந்து ராத்திரி வரும்போது சங்ககிரி தாண்டி டயர் வெடித்தது. ஆணையத்தின் உதவி எண் 1033-க்குப் போன் போட்டேன், ரோந்து வண்டி வந்து, பின்னால் கூம்பு வைத்து, டயர் மாட்டி முடிக்கும் வரைக்கும் நின்றார்கள். லாரிகள் பறக்கிற அந்த இடத்தில், வண்டியில் மருமகளும் பேரனும் இருக்கும்போது, அது எவ்வளவு பெரிய உதவி. இதே ரோடு இல்லையென்றால் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்திருக்கவும் முடியாது. ரோடு வேண்டும். நம்ம காட்டில் என்ன இருந்தது என்று எழுதிக்கொண்டு வரட்டும், அவ்வளவுதான்.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். கவிதாவுக்குத் தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம், மாப்பிள்ளை வீடு தாராபுரம். பத்திரிகை அடித்ததும் முதலில் உனக்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணி பஸ்ஸில் வருகிறேன். நூறு அடி டேப் என்னிடம் இருக்கிறது. பட்டா, சிட்டா, அடங்கல், கிரையப் பத்திரம், எல்லாவற்றிலும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வை. வேலியை வடக்கு மூலையிலிருந்து அளக்கத் தொடங்கலாம். அம்மாவிடம் சொல், களி கிண்டி வைக்கட்டும், என்னோடு சேர்ந்து அவரும் சாப்பிட வேண்டும்.

உன்
தங்கராசு