நாய்க்குக் கம்ப்யூட்டர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய் ரத்தத்தின் நோய் எதிர்ப்பு செல்களைக் கம்ப்யூட்டர் கொண்டு இனம்பிரிக்கும் ஆராய்ச்சி பற்றிய கட்டுரையைச் சென்ற ஞாயிறு இணைப்பில் "மனுஷனுக்கே வைத்தியம் இல்லாத நாட்டில் நாய் ரத்தத்துக்குக் கம்ப்யூட்டரா?" என்று முடித்திருந்தீர்கள். வெகு நகைச்சுவை.

பெங்களூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் நாய் ரத்தத்தோடு மாரடித்தவள் நான். மனித ரத்தத்தில் டி செல் என்ற வெள்ளணுவை அடையாளம் காட்டும் சி.டி.4 என்ற புரதக் குறி, நாய்க்கு நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளணுக்களிலும் இருக்கும். தாங்கள் அறியாததல்ல. மனிதனுக்கென்று எழுதிய புரோகிராம் அந்தக் குறியை மட்டும் நம்பி எண்ணினால் டி செல் கணக்கு எகிறிவிடும். அப்படி எகிறிய அன்று, "டியூபை மாத்தி வச்சிட்டியாம்மா?" என்று மேலதிகாரி எல்லார் முன்னாலும் கேட்டார். அவர் படித்ததும் மனித வைத்தியம்தான். நாய் செல்லை நாய் செல்லாகப் பார்க்கக் கம்ப்யூட்டரைப் பழக்குவதைத்தான் தங்கள் கட்டுரையாளர் கேலி செய்கிறார்.

மனுஷனுக்கு என்ன லாபம் என்று வேறு கேட்கிறார். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காக 1990-இல் நோபல் பெற்ற டொனால் தாமஸ், அந்த வித்தையை நாய்களிடம்தான் கற்றார். திசு பொருந்திய உடன்பிறப்பிடம் மஜ்ஜை பெற்ற நாய்கள் பல பிழைத்ததால்தான் மனிதருக்கும் வழி பிறந்தது.

2005-இல் டாஷா என்ற பாக்ஸர் நாயின் மரபணு வரிசை வெளியானது. அதே ஆண்டு நம் ராஜபாளையம் நாய்க்குக் கிடைத்தது அஞ்சல்தலை. தங்கள் பத்திரிகையில் அதுவும் இல்லை. ராஜபாளையம் பற்றிய கட்டுரைக்கு லாப்ரடார் படம் போட்டீர்கள். அப்போதே எழுதினேன். பதில் போட நேரமிருந்திருக்காது.

போகட்டும். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று சிறுவர் பக்கத்தில் இன்னும் ஜோக் போடுகிறீர்களே, அந்த ஊசி ஒழிந்து இருபது வருஷமாகிறது. இப்போது புஜத்தில்தான், நாலைந்து தவணைகளில். அந்தப் பதினாலுக்குப் பயந்து கடிபட்டதை வீட்டில் மறைத்த பையனை எங்கள் அல்சூர் தெருவிலேயே பார்த்தேன். வெறிநாய்க்கடி முற்றினால் வைத்தியமில்லை என்பதைத் தங்களுக்குச் சொல்ல நான் யார்?

கட்டுரையாளர் வருத்தம் தெரிவிக்க வேண்டாம். அடுத்த சிறுவர் பக்கத்தில் "ஊசி கையில்தான் போடுவார்கள்" என்று ஒரு வரி போட்டால் போதும். ராஜபாளையம் படம் கைவசம் இல்லையென்றால் சொல்லுங்கள், என் செலவிலேயே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகி,
அல்சூர், பெங்களூரு