டெயில் வீல் மாடல் இறங்கும்போது ஏன் சுற்றிக்கொள்கிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆடிக் காற்று தொடங்கியதிலிருந்து நம் கடைக்கு ரிப்பேருக்கு வரும் கப் (Cub) ரிமோட் விமான மாடல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் அடிபட்டிருக்கின்றன. ஒரு பக்கத்து லேண்டிங் கியர் கம்பி (சக்கரத்தைத் தாங்கும் கால்) உள்ளே மடங்கியிருக்கும், அதே பக்க இறக்கை நுனி தார் ரோட்டில் தேய்ந்திருக்கும். "நேராத்தாங்கண்ணா இறக்குனேன், கடைசில அதுவா சுத்திடுச்சுங்க. சர்வோ மாத்திக் குடுங்க" என்பார்கள். சர்வோவை (வால், இறக்கைத் தகடுகளை அசைக்கும் சின்ன மோட்டார்) கழற்றி டெஸ்டரில் போட்டுப் பார்த்தால் அநேகமாக நன்றாகவே வேலை செய்யும். அதனால்தான் இந்த மடல்.

டெயில் வீல் விமானத்தில், அதாவது மூன்றாவது சக்கரம் வாலில் இருக்கும் விமானத்தில், முன் சக்கரங்கள் இரண்டும் சி.ஜி.க்கு (எடை மையத்துக்கு) முன்னால் இருக்கின்றன. மூக்கு லேசாகக் கோணியபடி தரையைத் தொட்டால் தரை சக்கரத்தைப் பிடிக்கும். பின்னால் இருக்கும் எடையோ வந்த திசையிலேயே போகப் பார்க்கும். வால் முந்திக்கொண்டு வர, கோணல் இன்னும் கூடும். டிரெய்லர் மாட்டிய டிராக்டரை ரிவர்ஸ் எடுத்தவர்களுக்கு இது புரியும்: ஆரம்பத்திலேயே திருத்தாவிட்டால் அப்புறம் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் பிரயோஜனமில்லை. இதுதான் கிரவுண்ட் லூப். மூக்குச் சக்கர மாடலில் சி.ஜி. பிரதான சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால், கொஞ்சம் கோணலாக இறங்கினாலும் தானே நேராகிவிடும்.

நிஜ விமானங்களிலும் இதே கதைதான். செஸ்னா 1956-ல் தன் 170 மாடலுக்கு மூக்குச் சக்கரம் வைத்து 172 என்று கொண்டுவந்தது. விற்பனை எங்கேயோ போய்விட்டது. அமெரிக்காவில் 1991-லிருந்து, வால் சக்கர விமானத்தைப் புதிதாக ஓட்டப் போகிறவர் பயிற்றுநரிடம் தனியாகப் பழகி லாக்புக்கில் கையெழுத்து வாங்க வேண்டும். நம் நாட்டு ஃப்ளையிங் கிளப்களில் பலர் கற்றுக்கொண்ட எச்.ஏ.எல். புஷ்பக்கும் வால் சக்கரம்தான். ஆகவே உங்கள் மாடல் செய்வது கோளாறு இல்லை, அதன் குணம்.

மாடல் சுற்றுவது பெரும்பாலும் தொட்ட பிறகு, வேகம் குறைகிற நேரத்தில்தான். த்ராட்டிலை மூடியாகிவிட்டது, ரடர் (வாலில் நிமிர்ந்து நின்று மூக்கை இடம் வலம் திருப்பும் தகடு) மேல் காற்று குறைந்துவிட்டது, "இறக்கிவிட்டோம்" என்று கையும் தளர்ந்துவிடும். விமானம் முழுசாக நிற்கும்வரை ரடரை விடாதீர்கள். மூன்று சக்கரமும் தரையில் உட்கார்ந்ததும் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் டெயில் வீல் தரையில் அழுந்தும், திருப்பம் கைக்கு வரும்.

இன்னொன்று, நாங்கள் அதிகம் பார்ப்பது. மோடு 2 என்ற வகை டிரான்ஸ்மிட்டரில் (கையில் பிடிக்கும் ரிமோட்டில்) ரடர் இடது கையில் இருக்கிறது. வானத்தில் எல்லாத் திருப்பத்தையும் வலது கை எய்லரானிலேயே (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைத் தகடு) செய்து பழகியவர், தரையில் மூக்கு இடப்பக்கம் போனாலும் வலது ஸ்டிக்கைத்தான் வலப்பக்கம் தள்ளுகிறார். இடது எய்லரான் கீழே இறங்கி அந்தப் பக்கம் காற்றின் இழுவை கூடும். மூக்கு இன்னும் இடப்பக்கமே போகும்! ஒரு பேட்டரியை முழுக்க டாக்ஸி ஓட்டுவதற்கென்றே, அதாவது பறக்காமல் தரையிலேயே உருட்டிப் பழகுவதற்கென்றே, செலவு செய்யுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் இடது கை விழித்துக்கொள்ளும்.

மூக்குக் குத்துகிறது என்று சிலர் லேண்டிங் கியர் கம்பியை முன்னால் வளைத்துவிடுகிறார்கள். மூக்குக் குத்துவது நிற்கும், ஆனால் சக்கரம் சி.ஜி.யை விட்டு இன்னும் விலகுவதால் சுற்றுவது அதிகமாகும். ஆக்சில் ஏறக்குறைய இறக்கையின் முன்விளிம்புக்கு நேரே இருந்தால் போதும். சக்கரங்கள் இரண்டும் முன்பக்கம் துளி உள்நோக்கிப் பார்க்கலாம். வெளிநோக்கிப் பார்க்கவே கூடாது. டெயில் வீல் காலரில் இருக்கும் சின்ன ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தளர்ந்திருந்தால் ரடர் சரியாக அசையும், சக்கரம் மட்டும் தன் இஷ்டத்துக்குத் திரும்பும்.

கைரோ (விமானம் தானாகத் திரும்புவதை உணர்ந்து ரடரால் திருத்தும் கருவி) உதவும், ரேட் மோடில் (திரும்பும் வேகத்தை மட்டும் அடக்கும் முறையில்) மட்டும் வையுங்கள்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. லேஅவுட் தார் ரோடு பார்க்க ரன்வே மாதிரியே இருக்கும், ஆனால் டயரைக் கப்பென்று பிடிக்கும். குட்டையான புல் தரை சற்று வழுக்கிக்கொடுத்து மன்னிக்கும். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் மேற்குக் காற்று சாலைக்குக் குறுக்கே அடித்தால் அன்றைக்கு மூக்குச் சக்கர ஃபோம் மாடலை எடுத்துப் போங்கள்.

இனி ரிப்பேர் விஷயம். சர்வோவோ ரிசீவரோ டெஸ்டரில் பழுது என்று தெரிந்தால் வழக்கம்போல மாற்றித் தருவோம். கிரவுண்ட் லூப்பில் மடங்கிய கம்பிக்கும் இறக்கை நுனிக்கும் வாரண்டி கிடையாது. பொருளின் விலை மட்டும் வாங்கிக்கொள்கிறோம், நிமிர்த்தி அலைன்மென்ட் பார்ப்பதற்குக் கூலி இல்லை. ஞாயிறு காலை 7 மணிக்கு, காற்று எழும்புவதற்கு முன், நம் புல் மைதானத்தில் டாக்ஸி பழக்கிக் கொடுக்கிறோம். வருபவர்கள் பேட்டரியை முந்தின இரவே சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள். மைதானத்தில் கரண்ட் இல்லை.

அன்புடன்,
கடையிலிருந்து,
கோயம்புத்தூர்