முகம் வீங்குவதற்குள் மேற்பல்லைப் பிடித்துப் பாருங்கள்

அவசரப் பிரிவில் முதலில் கை வைக்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். முகத்தில் அடிபட்டவரோடு எங்களுக்கு வரும் சீட்டில் பெரும்பாலும் ஒரே வரிதான்: "முகக் காயம், தையல் போட்டாயிற்று." அதற்குள் முகம் வீங்கி, இமை ஒட்டிப்போய்விடுகிறது. அடிபட்டபோது பார்வை இருந்ததா, பிறகுதான் போனதா என்று சொல்ல ஆளில்லை. வீக்கம் ஏறுமுன் கிடைக்கிற நேரம் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. அதில் பார்த்ததை எழுதி அனுப்புங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு தலையை அசையாமல் நிறுத்துங்கள். ஒரு கை நெற்றியில் இருக்கட்டும். மறு கையின் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் மேல் முன்பற்களை ஈறோடு சேர்த்துப் பிடித்து மெல்ல அசையுங்கள். மேல்தாடை முறிவை லெ ஃபோர்ட் 1, 2, 3 என்று வகைப்படுத்துவோம். பல்வரிசையும் அண்ணமும் மட்டும் ஆடினால் லெ ஃபோர்ட் 1. மூக்குத்தண்டும் கண்குழியின் கீழ்விளிம்பும் கூடவே ஆடினால் 2. கன்ன எலும்பும் சேர்ந்து முகமே மண்டையோட்டிலிருந்து கழன்றதுபோல் ஆடினால் 3. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெ ஃபோர்ட் 1901இல் சடலங்களின் தலையில் சோதித்துச் சொன்ன வகைகள் இவை. நிஜ விபத்தில் ஒரு பக்கம் 2, மறுபக்கம் 3 என்று பெரும்பாலும் கலந்துதான் வரும்.

ஆடவில்லை என்பதால் முறிவில்லை என்று எழுதிவிடாதீர்கள். பின்னும் கீழுமாகத் தள்ளப்பட்டு ஆப்படித்த மாதிரி இறுகிய மேல்தாடை அசையவே அசையாது. அதைக் காட்டிக்கொடுப்பது கடிதான், அதாவது மேல், கீழ்ப் பற்கள் சேரும் விதம். "பல்லு முன்ன மாதிரி சேருதா?" என்று கேளுங்கள். கடைவாய்ப் பற்கள் முதலில் இடித்து, மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி தெரியும். இதே தாடை மூச்சுப்பாதையை அடைக்கும்போது, அண்ணத்தின் பின்னால் இரு விரலைக் கொக்கிபோல் மாட்டி முன்னால் இழுத்தால் வழி கிடைக்கும்.

கண்ணுக்கு வருவோம். இமையைப் பிரித்து, விரலை எண்ணச் சொல்லி, கருவிழிப் பாவையில் டார்ச் அடித்துப் பாருங்கள். கண் கல்லாக இறுகி, பிதுங்கி, பார்வை மங்கிக்கொண்டே போனால் கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கட்டுகிறது. ஸ்கேனுக்கு அனுப்பிக் காத்திருக்காமல், இமையின் வெளிமூலையை வெட்டி, அங்கே கீழிமையைப் பிடித்திருக்கும் தசைநாரையும் அறுத்து அழுத்தத்தை விடுங்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரம் கடந்தால் பார்வை மீள்வது அரிது. குழந்தைகளிடம் ஏமாற்றம் வேறு விதம்: கண் வெள்ளையாக, கன்றல்கூட இல்லாமல் இருக்கும். ஆனால் மேலே பார்க்க முடியாது, வாந்தி வரும், நாடி குறையும். தலைக்காயம் என்று படுக்க வைத்துவிடுகிறார்கள். கண்குழித் தரையின் விரிசலில் தசை சிக்கியிருக்கும். அதை ஓரிரு நாளுக்குள் விடுவிக்க வேண்டும்.

மூக்கின் நடுச்சுவரில் இரத்தம் கட்டியிருந்தால் அன்றே வடித்துவிடுங்கள். விட்டால் குருத்தெலும்பு அழுகி மூக்கு உள்வாங்கும். தெளிந்த நீர் சொட்டினால் மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம். பஞ்சில் இரத்தத்தைச் சுற்றி விழும் நீர் வளையத்தை நம்பாமல், அந்த நீருக்கே உரிய புரதமான பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் சோதனைக்கு அனுப்புங்கள். வயிற்றுக் குழாயை வாய்வழியே போடுங்கள். மூக்குவழி விட்டால், உடைந்த மண்டையடி வழியாக அது மூளைக்குள் போக வாய்ப்புண்டு. நோயாளி மூக்கைச் சிந்தவே கூடாது.

படம் என்றால் எக்ஸ்ரே போதாது. 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகளுடன் சி.டி., முன்வெட்டும் பக்கவெட்டும் சேர்த்து. மேல்தாடைக்குப் பின்னுள்ள டெரிகாய்டு தகடுகள் முழுசாக இருந்தால் அது லெ ஃபோர்ட் அல்ல.

கடியை ஏன் இவ்வளவு கேட்கிறோம்? அறுவையில் முதலில் மேல், கீழ்ப் பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டுத்தான், மூக்கோரமும் கன்ன எலும்பின் அடியிலும் இரு பக்கமும் பிளேட் வைத்து முடுக்குகிறோம். மேல்தாடையைச் சரியாகத் தளர்த்தாமல் கம்பியால் இழுத்துப் பொருத்தினால், கீழ்த்தாடை மூட்டு குழியை விட்டு நகர்ந்துவிடும். கம்பியை அவிழ்த்ததும் முன்பற்கள் திறந்துகொள்ளும். அதனால் மேசையிலேயே அவிழ்த்துப் பார்ப்போம். பல்லே இல்லாதவருக்குப் பழைய கடியைச் சொல்ல அவருடைய பல்செட் ஒன்றுதான் உண்டு. உடைந்திருந்தாலும் குப்பையில் போடாமல், ஒரு கவரில் போட்டு நோயாளியோடு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
முகத்தாடை அறுவை மருத்துவர்கள்