ஓராண்டு அயல்நாட்டுத் தொண்டுக்கு வயது தடையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் ஓராண்டை ஒதுக்கி, அயல்நாட்டில் தொண்டு செய்யப் போகும் இளைஞர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால், அந்த ஓராண்டு இருபது வயதுப் பிள்ளைகளுக்கே உரியது என்பது போல் அது முடிந்திருந்ததால் இக்கடிதத்தை எழுதுகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில், பெரும்பாலும் பிரசவ வார்டிலும் பச்சிளங்குழந்தைகள் பிரிவிலும் செவிலியராகப் பணியாற்றி, 60 வயதில் ஓய்வு பெற்று, அடுத்த ஆண்டே உகாண்டாவின் மேற்குப் பகுதியில் ஒரு சிற்றூர் மருத்துவமனைக்குச் சென்று, பத்து மாதம் ஊதியமின்றிப் பணிபுரிந்து திரும்பியவள் நான்.

போகிறேன் என்றதும் வீட்டில் எழுந்த முதல் கேள்வி என் வயதைப் பற்றித்தான். "பேரப்பிள்ளையப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டிய வயசுல எங்க மைனி போறீய?" என்று என் கணவரின் தங்கை கண்கலங்கினாள். அவளிடம் லில்லியன் கார்ட்டரைப் பற்றிச் சொன்னேன். அமெரிக்க அரசு 1961இல் தொடங்கிய பீஸ் கோர் தொண்டர் அமைப்பில் 1966இல், தமது 68ஆம் வயதில் சேர்ந்து, மும்பையை அடுத்த விக்ரோலியில் செவிலியராகப் பணியாற்றிய பெண்மணி அவர். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார். அவ்வளவு தொலைவு போவானேன்? எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் பிறந்த மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகுதான், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கைகளோடு அவர் செய்த வேலை அது.

அங்கே நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் போன மருத்துவமனையில், எடை குறைந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டர் கருவி ஒன்றுதான். மின்சாரம் போனால் அதுவும் இல்லை. ஒருநாள் இரவு 1,400 கிராம் எடையில் பிறந்த குழந்தையின் கால்கள் குளிர்ந்துகொண்டே வந்தன. பணியில் இருந்த இளம் செவிலியரும் நானும் குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் தவளைபோல் கிடத்தி, கிட்டெங்கே என்று அவர்கள் சொல்லும் பூப்போட்ட துணியால் இருவரையும் சேர்த்து இறுகக் கட்டினோம். கங்காரு முறை என்று நாம் சொல்லும் இது, கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல், இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்த வழிமுறை. விடியும்போது அந்தக் கால்கள் வெதுவெதுப்பாக இருந்தன. குழந்தையின் பாட்டி, வாழையிலையில் பொதிந்து அவித்து மசித்த வாழைக்காயை என் கையில் வைத்து, "வெபாரே" என்றார். நன்றி என்று பொருள்.

அந்த இரவில் கைகொடுத்தது முப்பத்திரண்டு ஆண்டு வார்டு அனுபவம். அதை இருபது வயதில் யாரும் கொண்டுபோக முடியாது. அதே அனுபவம் முதல் மாதத்தில் எனக்கே தடையாகவும் இருந்ததை மறைக்க விரும்பவில்லை. இன்டென்ட் எனும் கோரிக்கைச் சீட்டு எழுதிப் போட்டால் மருந்து வந்துவிடும் இடத்தில் பழகியவள், மருந்தே இல்லாத இடத்தில் அங்குள்ள செவிலியர்களைக் கடிந்துகொண்டேன். அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்துக் கற்ற பிறகுதான் என்னால் பயன் விளைந்தது. அதற்கே ஆறு வாரம் ஆயிற்று என்பதால், இரண்டு வாரப் பயணங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அப்படியொரு பயணத்துக்குத்தான் சென்னையிலுள்ள ஒரு முகவர் நிறுவனம் என்னிடம் இரண்டு லட்சம் ரூபாய் கேட்டது: கம்போடியாவில் ஓர் அநாதை இல்லம், பதினான்கு நாள், குழந்தைகளோடு விளையாடினால் போதுமாம். நான் மறுத்துவிட்டேன். பெற்றோர் உயிரோடிருக்கும் பிள்ளைகளையே அழைத்து வந்து, தொண்டர்களின் பணத்துக்காக இல்லங்களில் அடைத்து வைப்பது கம்போடியாவிலும் நேபாளத்திலும் வெளிப்பட்ட கொடுமை. ஆஸ்திரேலியா 2018இல் இதனை நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாகவே கருதத் தொடங்கியது. எந்தத் தகுதியும் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்கிறவர்களிடமிருந்து விலகி நிற்குமாறு இளையோர், முதியோர் இருவரையும் வேண்டிக்கொள்கிறேன். ஐக்கிய நாடுகள் சபை 1970இல் தோற்றுவித்து, இப்போது ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட தொண்டர் திட்டத்தில், பல ஆண்டுப் பணி அனுபவம் உள்ளவர்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

நடைமுறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உகாண்டாவுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் சென்று, சென்னை கிண்டியிலுள்ள அரசின் கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போட்டுக்கொண்டேன். 60 வயதைக் கடந்தவர்களுக்கு அந்த ஊசியால் பக்கவிளைவு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால், மருத்துவரிடம் கேட்காமல் போடக் கூடாது. சுற்றுலா விசாவில் போய்த் தொண்டு செய்வதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை; செவிலியர்கள் அந்நாட்டுச் செவிலியர் கவுன்சிலில் தற்காலிகப் பதிவும் பெற வேண்டும். தங்குமிடமும் உணவும் மருத்துவமனை தந்தது. விமானக் கட்டணம் என்னுடையது.

என்னை உண்மையிலேயே கலங்க வைத்தது, உயிரோடிருக்கிறோம் என்று ஆண்டுதோறும் உறுதிப்படுத்தும் ஓய்வூதியர் நேர்காணல்தான். அந்த மாதத்தில் நான் வெளிநாட்டில் இருந்தால் ஓய்வூதியம் நின்றுவிடுமே என்று பயணத்தையே கைவிட இருந்தேன். உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவிலுள்ள இந்திய ஹைகமிஷனில் வாழ்வுச் சான்று வாங்கி அனுப்பலாம் என்பதை எனக்குச் சொன்னவர், மகனை வெளிநாட்டில் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு ஓய்வூதியர். ஓய்வூதியம் கோரி அனுப்பும் கருத்துருவில் கையெழுத்து வாங்கும் நாளிலேயே இத்தகவலை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்கக் கருவூலத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். எங்கள் ஊரின் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் அடுத்த ஆண்டு ஓய்வு பெறவிருக்கும் இரு செவிலியர்கள் போன வாரம் என் வீட்டுக்கு வந்து, முதலில் கேட்டதும் இதைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.