லிஃப்ட் கிட்டுக்கு முன்னால் ஒரு கிரீஸ் கன்: வடாற்காட்டு ஜீப் தம்பிகளுக்குத் திறந்த மடல்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ஆம்பூர் பக்கம் ஜீப்பும் மஹிந்திரா தாரும் மாருதி ஜிப்ஸியும் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மலையேறக் கிளம்பும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒரு தம்பி காட்பாடியில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். பழைய மஹிந்திரா எம்எம் 550 ஜீப். ஆலிவ் பச்சை பெயின்ட், கூரைமேல் நீளமாக ஒரு எல்இடி பார், முன்னால் வின்ச். “அண்ணே, நாலு இஞ்ச் லிஃப்ட் போடலாம்னு இருக்கேன். எந்த கிட்டு நல்லா இருக்கும்?” என்றார், வண்டியைச் சக்கரத்துக்கு மேலே இன்னும் உயரமாகத் தூக்கி நிறுத்தும் சாமானைப் பற்றி. நான் குனிந்து வண்டிக்கடியில் பார்த்தேன். புரொப்பெல்லர் ஷாஃப்ட் (சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) கிராஸில், அதாவது அதன் மூட்டில், கிரீஸ் அடிக்க இருக்கிற நிப்பிளையும் சேர்த்துப் பச்சை அடித்திருந்தார்கள். நிப்பிள் வாயில் அந்தப் பெயின்ட் உடையாமல் அப்படியே இருந்தது. “பெயின்ட் அடிச்சு எத்தனை நாளாச்சுப்பா?” என்றேன். “ரெண்டு வருஷம் ஆவுதுண்ணே.” அத்தனை நாளும் அந்த நிப்பிள் வழியாகக் கிரீஸ் உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

காபி குடித்துவிட்டுப் போனார். கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. அவர் ஒருவருக்கு மட்டும் சொல்ல வேண்டிய பதிலாகவும் அது படவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், தெரியும்தானே. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர். அந்த மாதிரி வீட்டிலிருந்து போனவர்தான் என் அப்பா. பட்டாளத்தில் டிரைவர். எண்ணெய், தண்ணீர், டயர் மூன்றையும் பார்க்காமல் சாவியைத் தொடவிட மாட்டார்கள் என்பார். ஓய்வுபெற்று வந்து 1992 மாடல் எம்எம் 540 ஒன்றை வாங்கினார். இன்றைக்கும் அதைத்தான் ஓட்டுகிறேன்.

அந்த வண்டிக்கு இரண்டு தாய்மொழி. சேஸிஸும் ஆக்ஸிலும் அமெரிக்க வில்லிஸ் வழி வந்தவை, போல்ட்டு நட்டெல்லாம் இஞ்ச் கணக்கு. 2112 சிசி டீசல் இன்ஜின் பிரெஞ்சு பியூஜோ வழி வந்தது, அதில் மில்லிமீட்டர் கணக்கு. அப்பா ஸ்பானர்களை இரண்டு டிரங்குப் பெட்டியில் தனித்தனியாக வைத்திருந்தார். இஞ்ச் ஸ்பானரைப் பட்டறைப் பாஷையில் நூல் கணக்கில் சொல்வார்: ஒரு இஞ்சுக்கு எட்டு நூல், அரை இஞ்ச் என்றால் நாலு நூல். பெட்டி மாற்றி வைத்தால் சாப்பாடு கிடைக்காது.

இது ஏதோ பழம்பெருமை என்று தாண்டிப் போய்விடாதீர்கள். பத்து வருடத்துக்கு முன்னால் ஒடுகத்தூரிலிருந்து முத்துக்குமரன் மலை வழியாக, ஜவ்வாது மலைமேல் இருக்கும் பீஞ்சமந்தை போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். அப்போது அது கல்லும் மண்ணுமான பாதை. முன்னால் போன வண்டியும் ஒரு பழைய எம்எம் 550தான். ஸ்பிரிங் பட்டையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீட்டித் தூக்கியது, கீழே 31 இஞ்ச் டயர். டக், டக் என்று ஒரு சத்தம் வெகுநேரமாக வந்துகொண்டிருந்தது. ஓட்டிய பையன் பாட்டை இன்னும் சத்தமாக வைத்தான். ஒரு வளைவில் டமார் என்றது. பின் ஷாஃப்டின் கிராஸ் உடைந்து, ஷாஃப்ட் தரையில் தொங்கியது. நாலு சக்கர இழுவையில் போடாமல் இறங்கிக்கொண்டிருந்தான், ஆகவே அந்த நொடியே இன்ஜின் பிடிமானமும் போய்விட்டது. இறக்கம், வலப்பக்கம் பள்ளம், கையில் வெறும் கால்பிரேக். நல்ல வேளையாக வண்டி நின்றது.

கீழே படுத்துக் கிராஸைக் கழற்றினேன். கப்பைக் கவிழ்த்தால் உள்ளே ஊசி பேரிங் இருந்த இடத்திலிருந்து குங்குமம் மாதிரி சிவப்புத் தூள் கொட்டியது. அத்தனையும் துரு. ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. பையனிடம் நூற்றைம்பது பீஸ் சாக்கெட் செட் இருந்தது, பளபளவென்று, எல்லாமே மில்லிமீட்டர். அந்த நட்டு நாலு நூல், அதாவது 12.7 மில்லிமீட்டர். 13ஐ மாட்டித் திருகி இரண்டு நட்டின் முனையை மழுங்கடித்து வைத்திருந்தான். என் பையில் ஒரு பக்கம் நாலு நூல், மறுபக்கம் நாலரை நூல் உள்ள அப்பாவின் ரிங் ஸ்பானர் இருந்ததால் மிச்சத்தைக் கழற்ற முடிந்தது. பின் ஷாஃப்டை எடுத்து உள்ளே போட்டுவிட்டு, முன்சக்கர ஹப்பைப் பூட்டி, 4எச்சில் (நாலு சக்கர இழுவை) போட்டு, முன்சக்கர இழுவையிலேயே ஒடுகத்தூர் வந்து சேர்ந்தோம். இந்த வழி இருப்பதே அவனுக்குத் தெரியாது. வண்டி அவனுடையது, மூன்று வருடமாக.

நாங்கள் கழற்றிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு ஷேர் ஜீப் வந்தது. உள்ளே பதினைந்து பேர், கூரைமேல் சாமை மூட்டையும் புளி மூட்டையும். லிஃப்ட் இல்லை, வின்ச் இல்லை, சாதாரண டயர். டிரைவர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, “மொளக்குச்சி மாதிரி காஞ்சி கெடக்குதே” என்றார். அவர் வண்டிக்கடியில் நானும் எட்டிப் பார்த்தேன். பார்க்க அசிங்கமாக இருந்தது, ஒவ்வொரு மூட்டிலிருந்தும் கிரீஸ் பிதுங்கி அதன்மேல் செம்மண் அப்பியிருந்தது. தினமும் இரண்டு நடை, வருடம் பூராவும், அந்தப் பாதையில். ஜவ்வாது மலையில் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அந்த ஆட்களிடம் கேளுங்கள். (அத்தனை பேரை ஏற்றுவதை நான் சரி என்று சொல்லவில்லை. பஸ் போகாத ஊர்களுக்கு வேறு என்ன வழி இருந்தது என்பது இன்னொரு கடிதம்.)

வீட்டில் செய்கிற வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மாதம் ஒரு ஞாயிறு, காலை ஆறு மணிக்கு, வேலூர் வெயில் ஏறுவதற்கு முன்னால். கிராஸ், ஷாஃப்டின் ஸ்லிப், ஷேக்கிள் பின், எங்கெல்லாம் நிப்பிள் இருக்கிறதோ அங்கெல்லாம் துடைத்துவிட்டு, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை புதுசு அடிக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறீர்கள். தண்ணீரில் இறக்கிய வண்டி என்றால் அன்றைக்கே இதைச் செய்ய வேண்டும், கூடவே கிரவுன் ஹவுசிங் (ஆக்ஸில் நடுவில் இருக்கும் பல்சக்கரக் கூடு) ஆயிலையும் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும். சூடாக ஓடிய ஹவுசிங் ஆற்றுத் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது பிரீதர் என்கிற மூச்சுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் காபி நிறத்துக்கு வந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட வாரத்தில் தரைப்பாலங்களில் இறங்கி வீடியோ எடுத்தவர்களில் எத்தனை பேர் அந்த ஆயிலைப் பார்த்திருப்பார்கள்?

பிரேக்கில் காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். என் மகள் ஏழாவது படிக்கும்போதிருந்தே அந்த வேலைக்கு வருவாள். டிரைவர் சீட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்வாள். நான் சக்கரத்துக்குப் பக்கத்தில், பிரேக் நிப்பிளில் ஒரு டியூப், டியூப்பின் மறுமுனை கூல்டிரிங்ஸ் பாட்டிலில் இருக்கும் பிரேக் ஆயிலுக்குள். “அழுத்து… பிடி…” நிப்பிளைத் திறந்தால் பாட்டிலில் குமிழ் வரும். மூடிவிட்டு “விடு” என்பேன். குமிழ் நிற்கிறவரை இதுதான். மூடுவதற்கு முன்னால் அவள் காலை எடுத்தால் எல்லாம் முதலிலிருந்து. ஒரு நாளும் அப்படி எடுத்ததில்லை, பக்கம் புரட்டும்போதுகூட. இப்போது அவள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள், ஜிம்னி ஓட்டுகிறாள், ஆயில் மாற்றும்போது எனக்கு போட்டோ அனுப்புகிறாள்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் படுக்காதீர்கள். ஜாக்கி தூக்கத்தான், தாங்க ஸ்டாண்ட் வேண்டும். மண் தரையென்றால் அடியில் பலகை.

இனி லிஃப்டுக்கு வருகிறேன். வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை, என்ன ஆகும் என்று சொல்கிறேன். ஸ்பிரிங் பட்டை போட்ட வண்டியை நாலு இஞ்ச் தூக்கினால் ஷாஃப்டின் சாய்வு கூடும், கிராஸ் சீக்கிரம் தேயும். சக்கரம் முழுக்கக் கீழே தொங்கும்போது பிரேக்கின் ரப்பர் ஹோஸ் கம்பி மாதிரி இழுபடும். முன் ஆக்ஸிலின் கோணம் மாறி, நேர்ச் சாலையில் ஸ்டீயரிங் நிலைகொள்ளாமல் அலையும். 235/75 ஆர்15 டயரை எடுத்துவிட்டு 31 இஞ்ச் மாட்டினால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 64க்கு மேல் போகும். டயர் பெரிதானது, பிரேக் அதே பிரேக். மேலும் வண்டி உயர்ந்தால் அதன் கனத்தின் மையமும் மேலே ஏறும், கவிழ்வது சுலபம். ஏலகிரியின் 14 கொண்டைஊசி வளைவிலும் அது உங்களோடு வரும். புதுத் தாரில், அதாவது 2020க்குப் பிறகு வந்ததில், நாலு பக்கமும் காயில் ஸ்பிரிங். பழைய ஜீப்புக்குச் சொன்ன வைத்தியத்தை அதற்குச் செய்யக் கூடாது. அதன் மேனுவலைப் படியுங்கள், சத்தியமாக நன்றாக எழுதியிருக்கிறார்கள்.

பாலாற்று மணலில் சிக்குவதால்தான் பெரிய டயர் கேட்கிறீர்கள் என்றால், முதலில் காற்றைப் பதினெட்டு பிஎஸ்ஐக்கு இறக்கிப் பாருங்கள். காசு செலவில்லை. தார் ரோடு ஏறும்முன் திரும்ப அடிக்க ஒரு பம்பு போதும்.

லைட் விஷயத்தில் நானே குற்றவாளி. 1998இல் ஹெட்லைட்டில் நூறு வாட் பல்பு இரண்டு போட்டேன். 12 வோல்ட்டில் இருநூறு வாட் என்றால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர், அத்தனையும் பழைய ஸ்விட்ச் வழியாக, ஸ்விட்சுக்குப் பதில் மின்சாரத்தைத் தாங்கும் ரிலே இல்லாமல். பள்ளிகொண்டா தாண்டி இரவில் டேஷ்போர்டிலிருந்து புகை வந்தது. பேட்டரி வயரைப் பிடுங்க ஸ்பானர் தேடிய அந்த ஒரு நிமிடம் இப்போதும் கனவில் வரும். கூரை எல்இடி பாருக்கு ரிலேயும் ஃபியூஸும் போடுங்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் எதிரில் வருகிறவன் கண்ணைக் குருடாக்காமல் உறைபோட்டு மூடியும் வையுங்கள்.

சட்டம் உங்களில் பலருக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் கைகாட்டும்போதுதான் ஞாபகம் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்சியில் உள்ள விவரம், கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதையே உறுதியாகச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒவ்வொன்றுக்கும் என்பதைக் கவனியுங்கள். முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் கார்டு இந்தப் பிரிவுக்கு விரோதம் என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஆலிவ் பச்சை அடித்த தம்பி, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஐயும் பாருங்கள்: ராணுவ வண்டிக்கு மட்டும் உரிய நிறம் அது. பட்டாளத்துக்காரர் மகன் நானே வெள்ளை வண்டிதான் ஓட்டுகிறேன். இந்தச் சட்டத்தில் எனக்கும் மனக்குறை உண்டு, எது சின்ன மாற்றம் எது பெரிய மாற்றம் என்று தமிழில் தெளிவாக ஒரு பக்கம் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டினால் பாதிச் சண்டை குறையும். ஆனால் கிரீஸ் அடிக்க, பட்டை புஷ் மாற்ற, பிரேக் லைனிங் மாற்ற எந்த அனுமதியும் தேவையில்லை. அந்த வேலையே நிறைய மிச்சம் கிடக்கிறது.

கழிவு ஆயில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை மாற்றினால் ஐந்தாறு லிட்டர். அப்பா காலத்தில் வேலிக்காலுக்குக் கரையான் வராமல் இருக்கப் பூசுவோம், மிச்சம் சாக்கடை. இப்போது கேனில் பிடித்துவைத்து, பழைய ஆயில் எடுக்கிற பட்டறையில் கொடுத்துவிடுகிறேன். தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்ததற்காக உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு சொன்னது. கெடுத்தவனே நஷ்டத்தைக் கட்ட வேண்டும் என்கிற அந்த வழக்குக்கு நம் ஊர்ப் பெயர்தான், சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் வேலூர் வழக்கு என்கிறார்கள். தொழிற்சாலையைத் திட்டிவிட்டு வாசலில் ஆயிலைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. வீட்டம்மாவுக்கும் கோலம் போடுகிற இடத்தில் கறை ஆகாது. வண்டிக்கடியில் ஒரு தட்டி, அதன்மேல் மரத்தூள், அவ்வளவுதான்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் வாசலில்தான் இருப்பேன். லிஃப்ட் கேட்ட தம்பியும் வரட்டும், அந்த நிப்பிள் பெயின்ட்டைச் சுரண்டுவோம். கிரீஸ் கன் என்னிடம் இருக்கிறது, கிரீஸ் நீங்கள் வாங்கிவாருங்கள்.

இன்னொன்று. பொங்கலுக்கு முன்னால் யாரோ ஒருவர் “நாளைக்குத் தந்துடறேண்ணே” என்று என் ரிங் ஸ்பானரை வாங்கிப்போனீர்கள். ஒரு பக்கம் நாலு நூல், மறுபக்கம் நாலரை நூல், நடுவில் அப்பா அரத்தால் கீறிய இரண்டு கோடு இருக்கும். யாரென்று கேட்க மாட்டேன். கேட் உள்பக்கம் பால் பாக்கெட் வைக்கிற கூடையில் போட்டுவிட்டுப் போங்கள்.