மாடி தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எண்ணூர் மக்களுக்கு,

போன வாரம் உங்கள் ஊர்க் காற்றைப் பற்றிய ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். அதன் நன்றியுரையில் உங்களுக்கு நாலு வரிதான் எழுத முடிந்தது. மனசு கேட்கவில்லை, மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாடி வீட்டு அக்காவுக்கு. காற்றில் உள்ள தூசியைப் பிடிக்கும் கருவியை வைக்க இடம் கேட்டு நான் ஏறி இறங்கிய வீடுகள் எத்தனையோ. "வாடகையெல்லாம் வேணாம் தம்பி, எங்க காத்துல என்ன இருக்குன்னு மட்டும் சொல்லு" என்றது நீங்கள்தான். அந்தக் கருவியின் பம்பு நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை இழுக்கும், தூசி உள்ளிருக்கும் வடிதாளில் படியும். நாள் முழுக்க ஓடினால் 24 கன மீட்டர். நடுவில் கரண்ட் போனால் கணக்கு பிசகிவிடும். கல்லூரியில் வகுப்பு எடுக்கும் நாட்களில் என்னால் ஓடிவர முடியாது. கரண்ட் போன நேரம், வந்த நேரம் இரண்டையும் காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதி வைத்தீர்களே, அதை வைத்துத்தான் எந்த நாளைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தேன். அந்தத் தாள்கள் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

எடை அறையில் ஒவ்வொரு வடிதாளையும் பொறுமையாக நிறுத்துத் தந்த ஆய்வக அண்ணனுக்கும், வழிகாட்டிப் பேராசிரியருக்கும் என் வணக்கம்.

அப்புறம், சனிக்கிழமை டியூஷன் பிள்ளைகள். போகிக்கு மறுநாள் வடிதாளைக் கொண்டுவந்து காட்டினேன். வெள்ளையாக வைத்தது, அடுப்புக்கரி பூசியதுபோல் இருந்தது. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்துகளுக்கு (PM2.5) நம் நாட்டு வரம்பு ஒரு நாளைக்கு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15 என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "இது ஒரு நாள் காத்துதானே அண்ணா? நாங்க பொறந்ததுலேர்ந்து இங்கதானே இருக்கோம்?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்று இரவே தமிழில் எழுத உட்கார்ந்தேன். கடல் உப்பு எவ்வளவு, புகைக்கரி எவ்வளவு, நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வரும் கந்தக டை ஆக்சைடு காற்றிலேயே எப்படி சல்பேட் துகளாகிறது என்று எட்டுப் பக்கம் வந்திருக்கிறது. அக்கா, நீங்கள் கேட்ட வாடகை அதுதான். வரும் சனிக்கிழமை பிரதிகளோடு வருகிறேன். பிள்ளைகளையும் மாடிக்கு வரச் சொல்லுங்கள், எல்லோரும் சேர்ந்து வாசிப்போம்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் மாடித் தம்பி